நியூஜெர்சியை விட்டுத் தெற்குக் கடலோரம் போகலாமா? ஹூஸ்டன், டாம்பா, சார்ல்ஸ்டன்: ஓர் ஒப்பீடு

பனிக்காலம் முடிகிற சமயத்தில் நியூஜெர்சி, கனெக்டிகட் பக்கத்து நண்பர்கள் பலர் ஒரே கேள்வியோடு அழைக்கிறார்கள். பனி வாரி அலுத்துவிட்டது, சொத்து வரி வருடா வருடம் ஏறுகிறது, ஊரிலிருந்து வரும் பெற்றோர் குளிருக்குப் பயந்து வாசல் தாண்டுவதில்லை. தெற்கே கடலோரமாக வந்துவிடலாமா? பேச்சில் அடிபடுவது பெரும்பாலும் மூன்று ஊர்கள்: டெக்சஸின் ஹூஸ்டன், ஃபுளோரிடாவின் டாம்பா, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன். நான் ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே ஃபோர்ட் பெண்ட் கவுன்டியில் குடியிருக்கிறேன். அந்தச் சாய்வு இந்த எழுத்தில் இருக்கும், தெரிந்தே படியுங்கள்.

எல்லாரும் முதலில் கேட்பது புழுக்கத்தைப் பற்றி. சென்னையிலோ தூத்துக்குடியிலோ வளர்ந்தவருக்கு ஹூஸ்டனின் ஆகஸ்ட் புதிதல்ல. கார், வீடு, அலுவலகம் மூன்றிலும் ஏசி ஓடுகிற ஊரில் உடம்பு சீக்கிரமே பழகிக்கொள்ளும். குடும்பத்தைப் புரட்டிப் போடுவது தண்ணீரும், அதன் பின்னாலேயே வரும் காப்பீட்டுச் செலவும்தான். எந்த ஊர் என்பதைவிட, அந்த ஊரில் எந்த மேட்டில் நிற்கும் வீடு என்பதே பெரிய கேள்வி என்று நினைக்கிறேன்.

## எதையெல்லாம் வைத்துப் பார்ப்பது

தண்ணீர். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்கு ஒரு காசு தராது. வெள்ளக் காப்பீட்டைத் தனியாக வாங்க வேண்டும். மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் வீட்டுக்கு அதிகபட்சம் 2.5 லட்சம் டாலர், உள்ளிருக்கும் பொருள்களுக்கு 1 லட்சம் டாலர் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனியாரிடம்தான் போக வேண்டும். மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் ‘எக்ஸ்’ மண்டலம் என்றால் வங்கி இதைக் கட்டாயப்படுத்தாது. கட்டாயமில்லை என்றால் ஆபத்தில்லை என்று நம்மவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 2017-இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டனில் தண்ணீர் புகுந்த வீடுகளில் பெரும்பகுதி அந்த ‘ஆபத்தில்லாத’ இடங்களில் இருந்தவை.

காற்றுக்கான காப்பீடு. புயல் சேதத்துக்கு நாம் கையிலிருந்து போட வேண்டிய தொகை இங்கே சதவீதத்தில் இருக்கும். 5 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீடு, 2 சதவீதம் என்று பாலிசியில் போட்டிருக்கிறது என்றால், கூரை பறந்த அன்றைக்கு முதல் 10,000 டாலர் உங்களுடையது. வீட்டுக்கு விலை பேசுவதற்கு முன்பே காப்பீட்டு விலையை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

எல்லா வரியும் சேர்த்து. வருமான வரி இல்லை என்ற ஒற்றை வாசகத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. சொத்து வரி, குடியிருப்பின் தனி வரிகள், கார் வரி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

வேலையும் விசாவும். எச்-1பி விசாவில் இருப்பவர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாலும், வேறு பெருநகர வட்டாரத்துக்குக் குடிபோனால் நிறுவனம் திருத்திய மனு போட்டாக வேண்டும். கிரீன்கார்டுக்கான பெர்ம் (தொழிலாளர் துறைச் சான்று) குறிப்பிட்ட வேலையிடத்தை வைத்துக் கொடுக்கப்படுவது. இடம் மாறினால் அதை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம். வீட்டுத் தரகரைக் கூப்பிடுவதற்கு முன் நிறுவனத்தின் குடிவரவு வழக்கறிஞரிடம் பேசுங்கள். இந்த ஒன்றிலேயே பல குடும்பங்களின் பதில் முடிவாகிவிடும்.

மனிதர்கள். கோயில், தமிழ்ப் பள்ளி, அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு. நியூஜெர்சியில் இதெல்லாம் தானாக அமைந்துவிடுவதால் அதன் அருமை தெரிவதில்லை.

| | ஹூஸ்டன் | டாம்பா | சார்ல்ஸ்டன் |
|---|---|---|---|
| மாநில வருமான வரி | இல்லை | இல்லை | உண்டு. மேல்மட்டத்தில் 2025-இல் 6% |
| சொத்து வரி | அதிகம். பல இடங்களில் 2 சதவீதத்துக்கு மேல் | நடுத்தரம். வாங்கிய மறுவருடம் எகிறும் | சொந்தமாகக் குடியிருந்தால் மிகக் குறைவு |
| பெரிய ஆபத்து | மழை வெள்ளம், மின்தடை | கடல் பொங்கி வருவது | ஓதப் பெருக்கு, புயல் |
| மறைவான செலவு | எம்யுடி வரி (குழாய், சாக்கடைக் கடனுக்கானது), களிமண் தரை | கூரை வயது, சிடிடி கட்டணம் (புதுக் குடியிருப்பின் பொது வசதிகளுக்கானது) | கரையான், வீட்டடி ஈரம், கார் வரி |
| தமிழ்ச் சூழல் | பெரியது | நடுத்தரம் | சிறியது |

## ஹூஸ்டன்

மூன்றில் வேலைச் சந்தை அகலமானது இங்கேதான். எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் ஒரு பக்கம், டெக்சஸ் மெடிக்கல் சென்டர் இன்னொரு பக்கம், தென்கிழக்கே நாசாவின் ஜான்சன் விண்வெளி மையம், இவற்றோடு துறைமுகம். கணவன் மனைவி இருவரும் வேறு வேறு துறையில் இருந்தாலும் இரண்டு பேருக்கும் வேலை கிடைக்கக்கூடிய ஊர். எண்ணெய் விலை சரிந்தால் ஆட்குறைப்பு வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தமிழ்ச் சூழலுக்குப் பேர்லாண்ட் மீனாட்சி கோயிலைச் சொன்னாலே போதும். அமெரிக்காவில் பழைய கோயில்களில் ஒன்று. கோபுரமும் பிரகாரமுமாக ஊர்க் கோயிலின் அமைப்பிலேயே நிற்கிறது. கேட்டி, சுகர்லேண்ட், பேர்லாண்ட் பகுதிகளில் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலையும் முருங்கையும் தரையிலேயே வளரும். ஆனால் 2021 பிப்ரவரியில் வந்த உறைபனியில் பல வீடுகளில் அவை தண்டோடு கருகின. வேர் பிழைத்த மரங்கள் மறுபடி துளிர்த்தன.

இப்போது தண்ணீர். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் கரையேறிய பிறகு நகராமல் இந்த வட்டாரத்தின் மேலேயே நின்றது. தென்கிழக்கு டெக்சஸின் நெடர்லேண்டில் 60 அங்குலத்துக்கு மேல் பெய்தது. ஹூஸ்டன் தட்டையான ஊர். வடிகால்களான பாயூக்கள் மெதுவாகத்தான் கடலுக்குப் போகும். நகரைக் காப்பதற்காக ராணுவப் பொறியாளர் படை 1940-களில் ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்களைக் கட்டியது. மழை இல்லாத நாளில் அவை வெறும் புல்வெளியும் பூங்காவும்தான். நீர் நிரம்பினால் தேங்கக்கூடிய பரப்பின் ஓரங்களில், பின்னாளில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. ஹார்வியின்போது தேக்கத்துக்கு மேலே இருந்த வீடுகளில் பின்னேறிய தண்ணீர் புகுந்தது, கீழே இருந்த வீடுகளில் திறந்துவிட்ட தண்ணீர் புகுந்தது. கேட்டி பக்கம் வீடு பார்ப்பவர்கள் பள்ளிக்கூட மதிப்பெண்ணுக்குக் கொடுக்கும் கவனத்தை, அந்த மனை பார்க்கர் தேக்கத்தின் வெள்ளப் பரப்புக்குள் இருக்கிறதா என்பதற்கும் கொடுங்கள்.

டெக்சஸில் 2019 செப்டம்பர் முதல், வீடு விற்பவர் பழைய வெள்ளச் சேதங்களை விவரமாகப் படிவத்தில் சொல்ல வேண்டும். அதை வாங்கிப் படியுங்கள். அத்தோடு நிறுத்தாமல் கண்ணாலும் பாருங்கள். தண்ணீர் புகுந்து மராமத்து செய்த வீட்டில் தரையோரம் இருக்கும் பிளக் பாயின்ட்டுகள் பளிச்சென்று புதுசாக இருக்கும், மேலே இருக்கும் ஸ்விட்சுகள் பழுப்பேறியிருக்கும். சமையலறையில் கீழ் அலமாரிகள் ஒரு நிறம், மேல் அலமாரிகள் வேறு நிறம். கராஜ் கதவின் தண்டவாளத்தில் அடியிலிருந்து ஓரடிக்கு மட்டும் துரு. இந்த மூன்றும் சேர்ந்து கண்ணில் பட்டால், விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். நன்றாக மராமத்து செய்த வீடு என்றால் வாங்கலாம், ஆனால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் மறுபடி வரும் என்று வைத்துக்கொண்டே விலை பேச வேண்டும்.

அடுத்த சோதனை மின்சாரம். 2024 ஜூலை 8 அன்று வந்த பெரில், புயல் அளவுகோலில் மிகக் குறைந்த முதல் வகைப் புயல்தான். அதற்கே ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் அணைந்தன, பல வீடுகளுக்குக் கரண்ட் திரும்பி வரப் பல நாள் ஆனது. ஜூலைப் புழுக்கத்தில் ஏசி இல்லாத வீடு வயதானவர்களுக்கு உண்மையிலேயே ஆபத்து. இன்சுலினை ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் பெற்றோர் வீட்டில் இருந்தால் ஜெனரேட்டர் ஆடம்பரம் அல்ல. அதன் விலையையும் வீட்டு விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வரிக்கு வருவோம். புதுக் குடியிருப்புகளில் தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் போடக் கடன் வாங்கிய எம்யுடி என்ற அமைப்பு தனி வரி போடும். அது சேர்ந்தால் மொத்தம் 3 சதவீதத்தை எட்டும் இடங்களும் உண்டு. சொந்த வீட்டில் குடியிருப்போருக்குப் பள்ளி வரியில் மதிப்பிலிருந்து கழிக்கும் தொகை 2023-இல் 1 லட்சம் டாலராகவும், 2025-இல் 1.4 லட்சமாகவும் ஏறியது, விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். மதிப்பீடு கூடுதலாக வந்தால் பொதுவாக மே 15-க்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம், எல்லாரும் செய்கிறார்கள், நீங்களும் செய்யுங்கள். கால்வெஸ்டன், பிரசோரியா கவுன்டிகளில் வீடு என்றால் வழக்கமான பாலிசியில் காற்றுச் சேதம் பெரும்பாலும் இருக்காது. மாநிலத்தின் காற்றுக் காப்பீட்டு அமைப்பான டிவியாவில் தனியாக எடுக்க வேண்டியிருக்கும், அதற்கு, காற்றைத் தாங்கும்படி கட்டியதைக் காட்டும் டபிள்யூ.பி.ஐ-8 என்ற சான்றிதழ் வீட்டுக்கு இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். இன்னொன்று, இங்கே களிமண் தரை. மழையில் உப்பி, வறட்சியில் சுருங்கி அஸ்திவாரத்தை அசைக்கும். கதவுகள் நிலையில் சரியாக உட்காராத வீடு என்றால் கட்டடப் பொறியாளரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இருவரும் வேலைக்குப் போகும் குடும்பம், பிள்ளைகள் பள்ளியில், பெற்றோர் வருடாவருடம் வந்து தங்குவார்கள் என்றால் மூன்றில் ஹூஸ்டன்தான் பொருத்தம் என்பேன். தரை உயரம் பார்த்து வாங்க முடியும் என்றால் மட்டும்.

## டாம்பா

மூன்றில் இதமான குளிர்காலம் டாம்பாவுக்குத்தான். கோடையிலும் மாலைதோறும் இடிமழை வந்து தணிக்கும். 100 டிகிரி ஃபாரன்ஹீட்டை டாம்பா முதன்முறையாகத் தொட்டதே 2025 ஜூலையில்தான். கோயில் உண்டு, தமிழர்களும் உண்டு. ஹூஸ்டன் அளவுக்கு இல்லை. நிதி நிறுவனங்களின் அலுவலகங்களும் மருத்துவமனைகளும் வேலை கொடுக்கின்றன. ஆனால் ஒரு வேலை போனால் அதே சம்பளத்தில் அடுத்த வேலை ஹூஸ்டனில் கிடைப்பதுபோல் எளிதில் கிடைக்காது.

டாம்பாவைப் பெரும்புயல் நேரடியாகத் தாக்கியது கடைசியாக 1921-இல் என்று பல காலம் ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் நூறு மைல்களுக்கு அப்பால் கடலில் கடந்து போனபோதே விரிகுடாவில் கடல் ஆறேழு அடி பொங்கி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் தாழ்வான தெருக்களில் வீடுகளை நிறைத்தது. இரண்டே வாரத்தில், அக்டோபர் 9 அன்று, மில்டன் புயல் தெற்கே சியஸ்டா கீயில் கரையேறியது. கடலோரத் தாழ்நிலத்தில் இருக்கும் பழைய வீட்டை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், ஒரு விதி இருக்கிறது. வெள்ள மண்டலத்தில் சேதமான வீட்டின் மராமத்துச் செலவு வீட்டுக் கட்டடத்தின் மதிப்பில் பாதியைத் தொட்டால், பழையபடி கட்ட விடமாட்டார்கள். இப்போதைய விதிப்படி உயர்த்தித்தான் கட்ட வேண்டும். அந்தச் செலவுக்கு வெள்ளக் காப்பீடு தருவது சொற்பம். உள்ளே தள்ளி, வெஸ்லி சேப்பல் போன்ற வடக்குப் பகுதிகள் கடல் பொங்குவதிலிருந்து தப்பும். மழைநீர் தேங்குமா என்று மட்டும் தனியாகப் பாருங்கள்.

ஃபுளோரிடாவில் காப்பீட்டு நிறுவனங்கள் முதலில் பார்ப்பது கூரையின் வயதை. வீடு பழசு என்றால் நான்கு-அம்சச் சோதனை கேட்பார்கள்: கூரை, மின்சாரம், குழாய், ஏசி. கூரைக் கட்டுமானம் காற்றைத் தாங்கும் என்று சோதனை அறிக்கை வாங்கிக் கொடுத்தால் பிரீமியம் குறையும், அந்த அறிக்கைக்கு ஆகும் செலவு வீண் போகாது. தனியார் யாரும் எடுக்காதபோது போக வேண்டிய இடம் மாநில ஆதரவு பெற்ற சிட்டிசன்ஸ். அங்கே பாலிசிதாரர்கள் வெள்ளக் காப்பீடும் வைத்திருக்க வேண்டும் என்று படிப்படியாகக் கட்டாயமாக்கி வருகிறார்கள்.

சொத்து வரியில் ஒரு பொறி உண்டு. இப்போதைய உரிமையாளர் கட்டும் வரியைப் பார்த்து மயங்காதீர்கள். சொந்த வீட்டின் மதிப்பீடு வருடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்ற வரம்பு இருப்பதால், பல வருடம் இருந்தவரின் வரி மிகக் குறைவாக இருக்கும். கைமாறியதும் மதிப்பீடு சந்தை விலைக்கு எகிறும், உங்கள் முதல் முழு வருட வரி இரண்டு மடங்காகவும் இருக்கலாம். புதுக் குடியிருப்புகளில் சிடிடி கட்டணம் அதே ரசீதில் கூடுதலாக வரும். அடுக்குமாடி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2021 ஜூனில் மயாமி அருகே சர்ஃப்சைடில் 98 பேரைப் பலிகொண்ட கட்டட இடிவுக்குப் பிறகு, பழைய அடுக்குமாடிகளில் கட்டமைப்புச் சோதனையும் மராமத்து நிதியும் சட்டப்படி கட்டாயமாகின. பல சங்கங்கள் உறுப்பினர்களிடம் பெரிய தொகை வசூலிக்கின்றன. சங்கத்தின் நிதிக் கணக்கையும் சோதனை அறிக்கையையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வீட்டிலிருந்தே வேலை, விசாச் சிக்கல் முடிந்தது, பிள்ளை பள்ளி இறுதியை நெருங்குகிறது என்றால் டாம்பா நல்லது. மாநிலத்தில் பள்ளி முடித்து, தேர்வு மதிப்பெண்ணும் சேவை மணி நேரமும் எட்டும் மாணவருக்கு, அரசுக் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் தரும் ‘பிரைட் ஃப்யூச்சர்ஸ்’ உதவித்தொகை இங்கே உண்டு.

## சார்ல்ஸ்டன்

அழகான ஊர். போயிங் 787 விமானங்களைக் கட்டும் ஆலை, வால்வோ கார் ஆலை, மருத்துவப் பல்கலைக்கழகம், துறைமுகம் என்று வேலைகள் உண்டு. அந்த நான்கில் ஒன்றில் வேலை கையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். தமிழ்ப் பள்ளியையும் கோயில் விழாவையும் நீங்களும் சேர்ந்து நடத்த வேண்டியிருக்கும். சிலருக்கு அதுவே பிடிக்கும்.

பழைய நகரத்தில் புயலும் மழையும் இல்லாத நாளிலேயே ஓதம் ஏறும்போது தெருவில் உப்புத் தண்ணீர் நிற்கும். அதில் கார் ஓட்டினால் அடிப்பாகம் துருப்பிடிக்கும். பல வீடுகள் தரைக்கும் தளத்துக்கும் இடையே தவழ்ந்து போகும் அளவு இடம்விட்டுக் கட்டப்பட்டவை. அந்த இருட்டில் ஈரம் தங்கி மரம் உளுத்துப்போகும், கரையான் ஏறும். வாங்கும்போது சிஎல்-100 என்ற பூச்சி அறிக்கை வழக்கமாகவே கேட்பார்கள். அதைச் சடங்காக நினைக்காமல், சோதிப்பவர் உள்ளே தவழ்ந்து போய் எடுத்த படங்களைக் கேட்டு வாங்குங்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீடு என்றால் மதிப்பில் 4 சதவீதத்தின் மேல்தான் வரி, மற்றவற்றுக்கு 6 சதவீதத்தின் மேல். விண்ணப்பிக்க மறந்தால் வரி வெகுவாகக் கூடும். கார்களுக்கும் வருடாவருடம் சொத்து வரி உண்டு.

## வீட்டுக்குள் வரும் புழுக்கம்

மூன்று ஊருக்கும் இது பொது. ஏசியின் வேலை குளிர்விப்பது மட்டுமல்ல, காற்றிலிருக்கும் நீரை இழுப்பதும்தான். வீட்டுக்குத் தேவைக்கு மேல் பெரிய ஏசி போட்டால் பத்து நிமிடத்தில் குளிர்ந்து நின்றுவிடும், ஈரம் அப்படியே நிற்கும். ஏசியின் ஃபேனை ‘ஆன்’ நிலையில் வைத்தாலும் கம்பிச்சுருளில் படிந்த நீர் மறுபடி அறைக்கே வரும், ‘ஆட்டோ’வில் வையுங்கள். பத்துப் பதினைந்து டாலருக்கு ஈரப்பதமானி கிடைக்கிறது. எண் 50-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, 60-ஐத் தாண்டியே நின்றால் பட்டுப்புடவை மடிப்பில் பூஞ்சணம் பூக்கும், திறந்து வைத்த அப்பளம் நமுத்துவிடும், வீசிங் உள்ள பிள்ளைக்கு மூச்சு இழுக்கும்.

நம் சமையலுக்கு இன்னொரு விஷயம் முக்கியம். இட்லிப் பானையும் குக்கரும் தினமும் ஆவி விடும் சமையலறையில், புகைபோக்கி வெளியே தள்ளுகிறதா, அல்லது வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறதா? பல புது வீடுகளில் இரண்டாவதுதான். வீடு பார்க்கப் போகும்போது ஃபேனைப் போட்டு, வெளிச்சுவரில் காற்று வருகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள்.

சர்க்கரை நோய் உள்ள பெற்றோர் காலில் புண்ணோடு வெள்ளத் தண்ணீரிலோ வெதுவெதுப்பான வளைகுடாக் கடலிலோ இறங்கக் கூடாது. விப்ரியோ கிருமி அந்த வழியாக உடம்புக்குள் போனால் ஓரிரு நாளுக்குள் உயிருக்கே ஆபத்தாகலாம்.

## போகாமல் இருப்பது

நியூஜெர்சியில் சராசரி சொத்து வரி வருடத்துக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது உண்மைதான். ஆனால் ஹூஸ்டன் புறநகரில் 5 லட்சம் டாலர் வீட்டுக்கும் வரி அதை நெருங்கும், அதற்கு மேல் காப்பீடு. மிச்சம் வருமான வரியில்தான். சம்பளம் பெரிதாக இருந்தால் மிச்சமும் பெரிது, நடுத்தரமாக இருந்தால் காப்பீடே அதைத் தின்றுவிடும். பெர்ம் பாதியில் நிற்கிறவர்களும், பிள்ளை பதினோராம் வகுப்பில் இருப்பவர்களும் இப்போதைக்கு இருக்கும் இடத்திலேயே இருப்பது மேல். குளிர்தான் பிரச்சினை, கடல் வேண்டாம் என்றால் டல்லாஸும் சார்லட்டும் இருக்கின்றன. அங்கே ஆலங்கட்டி மழையும் சுழற்காற்றும் கூரைக்கு வேறு வகையில் செலவு வைக்கும், தண்ணீர் பயம் மட்டும் வெகுவாகக் குறையும்.

## போவதென்று முடிவானால்

பிப்ரவரியில் வந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆகஸ்ட் கடைசியில் வாருங்கள், முடிந்தால் பெருமழை பெய்த மறுநாள், நீங்கள் பார்த்து வைத்த தெருக்களில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முதல் வருடம் வாடகைக்கு இருங்கள். வாடகை வீட்டிலும் உங்கள் பொருள்களுக்கு வெள்ளக் காப்பீடு எடுக்கலாம். வீடு வாங்கும்போது எலிவேஷன் சான்றிதழ் கேளுங்கள். தளத்தின் உயரம் வெள்ள மட்டத்துக்கு எத்தனை அடி மேலே என்று அதில் எழுதியிருக்கும். கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியோடு காரில் ஏற்றி வராதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகத் தடைகள் உண்டு. இங்கேயே நாற்று கிடைக்கும்.

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. வீட்டுக் கடன் கையெழுத்தோடு சேர்த்து எடுத்தால் தவிர, மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு பணம் கட்டி 30 நாள் கழித்துத்தான் உயிர் பெறும். வளைகுடாவில் புயல் உருவாகிவிட்டது என்று செய்தி வந்த பிறகு கட்டிப் பயனில்லை. ஏப்ரல் முடிவதற்குள் கட்டிவிடுங்கள்.